நாலாவது கொக்கியில பாம்பு

பேரு ரேடியோ. வயசு இருபத்தி மூணு. இப்போ இருக்கிற இடம், அடுத்தவங்க வீட்டுப் பின்பக்கம், பனி புடிச்ச ஒரு மெஷினுக்கு முன்னாடி, ஈர சிமெண்ட்ல முட்டி போட்டுக்கிட்டு. அப்பா அம்மா வச்ச பேரு வேற. இவன் வாயே மூட மாட்டேங்குறான்னு கம்பெனில வச்ச பேருதான் ரேடியோ, அதுவே ஒட்டிக்கிச்சு. பதட்டம் வந்தா அவனுக்குப் பேச்சு ஜாஸ்தியாகும். ஊரை விட்டு வந்து பதினாலு மாசம் ஆச்சு, பதட்டம் இல்லாத நாள்னு ஒண்ணு இன்னும் வரல.

"அக்கா, இது வீட்டை சூடு பண்ற மெஷினா, மீனை ஐஸ்ல வைக்கிற பெட்டியா?"

"வாயை மூடு."

"மூடினா பல்லு ஆடுறது உள்ளயே கேக்குது அக்கா. தொறந்திருந்தாதான் சத்தம் வெளிய போகும்."

அக்கா திரும்பிக் கூடப் பாக்கல. அவங்க சீனியர் மெக்கானிக், அவங்களுக்கும் கம்பெனில ஒரு பேரு உண்டு, மோப்பக்கா. வீட்டை சூடு பண்ற இந்த ஹீட் பம்ப் மெஷின்லயும் ஏசி மாதிரியே குழாய்க்குள்ள கேஸ் ஓடும், அது எங்க கசிஞ்சாலும் மூக்கை நீட்டிக் கண்டுபுடிச்சிடுவாங்க. இருபது வருஷத்துல ஒரு கசிவு கூட அவங்ககிட்ட இருந்து தப்பிச்சதில்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அவங்க மட்டும் சொல்ல மாட்டாங்க. இந்த வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் மத்தவங்களும் அதைச் சொல்றதை நிறுத்திட்டாங்க.

ஏன்னா இது மூணாவது தடவை.

இந்த வீட்ல ஒரு டீச்சர் எட்டு சின்னப் புள்ளைங்களை வச்சுப் பாத்துக்கிறாங்க. அப்பா அம்மா வேலைக்குப் போறப்ப விட்டுட்டுப் போவாங்க, சாயந்திரம் வந்து கூட்டிட்டுப் போவாங்க. போன மாசம் புள்ளைங்க ரூம்ல சூடு பத்தல. அக்காவும் ரேடியோவும் ஒரு சனிக்கிழமை வந்து பாத்தாங்க. கேஸ் பாதி காலி. கேஸை நிரப்பி, குழாய் சேர்ற ஒவ்வொரு இடத்துலயும் சோப்புத் தண்ணி அடிச்சுப் பாத்தாங்க. கசிஞ்சா நுரை வரணும். ஒரு குமிழி கூட வரல. ரெண்டு வாரம் கழிச்சு டீச்சர் மறுபடி ஃபோன் பண்ணாங்க, சூடு இல்ல. மறுபடி ஒரு சனிக்கிழமை. மறுபடி கேஸ் பாதி. கேஸை மோந்து பாத்து கத்துற கருவியைக் கொண்டு வந்து மூலை முடுக்கெல்லாம் காட்டினாங்க, அது வாயே தொறக்கல. அக்கா கடுப்பாகி, சந்தேகத்துக்கு ரெண்டு வால்வை மாத்திட்டுப் போனாங்க.

இன்னிக்கு வியாழக்கிழமை. மறுபடி சூடு இல்ல.

இந்தத் தடவை விஷயம் பெருசு. இந்த மாதிரி இடங்களை வந்து பாக்குற ஆபீசர் மேடம் ஏற்கனவே ரெண்டு தடவை தெர்மாமீட்டரோட வந்து, இருபது டிகிரி இல்லன்னு எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க. இன்னிக்கு நாலு மணிக்கு மூணாவது தடவை வராங்க. இன்னிக்கும் இல்லன்னா லைசென்ஸ் போச்சு. டீச்சர் பதினோரு வருஷமா நடத்துற இடம். நாளைக்கு காலைல எட்டு புள்ளைங்களும் வாசல்ல நிக்கும், கதவைத் தொறக்க முடியாது.

"பனி தானா உருகணும்ல அக்கா? மெஷின் அப்பப்போ தன்னைத் தானே சுட வச்சுக்குமே?"

"உருகல, பாத்தியா? மேல மேல ஏறிக்கிட்டே இருக்கு. உள்ள காத்து வெதுவெதுன்னு வருது, பச்சைத் தண்ணில கொஞ்சம் சுடுதண்ணி கலந்த மாதிரி. மெஷின் ஒரு நிமிஷம் நிக்காம ஓடுது. கரண்ட் பில்லு ஏறியிருக்கு. எல்லாம் ஒரே பேரைத்தான் சொல்லுது, கேஸ் கசியுது." அக்கா ஸ்க்ரூட்ரைவர் கைப்புடியைப் பல்லால கடிச்சாங்க. "ஆளு யாருன்னு தெரியுது. வீடு எங்கன்னுதான் தெரியல."

---

சமையக்கட்டுக் கதவைத் தொறந்துக்கிட்டு வீட்டுக்காரர் வந்தார். டீச்சரோட புருஷன். ரேடியோ மனசுக்குள்ள அவருக்கு வச்ச பேரு பசைக்காரர். முதல் தடவை வந்தப்ப, தானே பசை போட்டு ஒட்டின கோட்டு மாட்டுற பலகையை முக்கால் மணி நேரம் காட்டினார். ஆணி வேணாம், ஸ்க்ரூ வேணாம், ஒரு டியூப் பசை போதும், யானையே தொங்கலாம்னு சொன்னார். ரேடியோ அப்பவே கேட்டான், யானைக்குக் கோட்டு எதுக்கு சார்னு. அவர் சிரிக்கல.

இன்னிக்கும் சிரிக்கல.

"ஏம்மா, நேரடியாவே கேக்குறேன். கேஸை நீங்களே உறிஞ்சி எடுத்துட்டுப் போறீங்களா?"

அக்கா மெதுவா நிமிந்தாங்க.

"இல்ல, கேக்குறேன். நீங்க வந்து நிரப்பிட்டுப் போறீங்க, ரெண்டு வாரத்துல காணோம். நீங்க பாக்குறப்போ கசியல, நீங்க போனா கசியுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"சார், நாங்க கேஸை எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போறோம்? சைக்கிள் டயர்ல அடிக்கவா?" ரேடியோ கேட்டுட்டான். கேட்ட உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டான். அவனோட தற்காலிக வேலை இந்த மாசக் கடைசில நிரந்தரம் ஆகணும். புகார்னு ஒண்ணு போனா முடிஞ்சது.

ஆனா அக்கா திட்டல. அவங்க கண்ணு சுருங்கிச்சு.

"சார், இப்ப என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

"கேஸை உறிஞ்சி..."

"அது இல்ல. அதுக்கு அப்புறம்."

"நீங்க பாக்குறப்போ கசியல, நீங்க போனா கசியுதுன்னேன்."

"திட்டினாலும் ஒரு உருப்படியான வார்த்தை சொன்னீங்க," அப்படின்னுட்டு அக்கா உள்ள நடந்தாங்க.

---

உள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல ஒரு நடைமுறை இருக்கு. புள்ளைங்க இருக்கிற நேரத்துல வெளியாளு யாரும் உள்ள வரக் கூடாது. அதனாலதான் முன்னாடி ரெண்டு தடவையும் சனிக்கிழமை வரச் சொன்னாங்க. இன்னிக்கு மட்டும் ஆபீசர்கிட்ட பேசி அனுமதி வாங்கியிருந்தாங்க டீச்சர். ஆனா நெஞ்சுல அட்டை குத்திக்கிட்டுத்தான் போகணும். புள்ளைங்க வரைஞ்ச அட்டை. அக்காவுக்கு ஒரு முயல். ரேடியோவுக்கு ஒரு வாத்து.

"வாத்து ஏன் டீச்சர்?"

"அவங்களே தேர்ந்தெடுத்தது தம்பி. நீங்க காலைல இருந்து பின்பக்கம் பேசினது குவாக் குவாக்னு ஜன்னல் வழியா கேட்டிருக்கு."

அக்காவுக்கு முதல் தடவையா உதடு கொஞ்சம் அசைஞ்சது. அடுத்த நொடி பழையபடி இறுகிடுச்சு.

ரூம் ஜில்லுன்னு இருந்துச்சு. எட்டு புள்ளைங்களும் கோட்டைக் கழட்டாம, பொட்டலம் மாதிரி உக்காந்து களிமண்ணு உருட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. டீச்சர் ஒல்லியா, கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்து, புள்ளைங்ககிட்ட மட்டும் சிரிச்சுக்கிட்டு நின்னாங்க.

"டீச்சர், ரூம் சூட்டை தினமும் எழுதி வைக்கணும்னு ரூல் இருக்குல்ல? அந்த நோட்டைக் குடுங்க," அக்கா கேட்டாங்க.

தினமும் காலைல ஒரு நம்பர், சாயந்திரம் ஒரு நம்பர். அழகான கையெழுத்து. அக்கா விரலை வச்சுக்கிட்டே போனாங்க. ரேடியோ தோளுக்கு மேல எட்டிப் பாத்தான்.

கேஸ் நிரப்பின மறுநாள் இருபத்தி ஒண்ணு. திங்கள் சாயந்திரம் இருபதரை. செவ்வாய் இருபது. புதன் பத்தொம்பதரை. வியாழன் பத்தொம்பது. வெள்ளி பதினெட்டரை. அப்புறம் சனி, பதினெட்டரை. ஞாயிறு, அதே பதினெட்டரை. திங்கள்ல இருந்து மறுபடி இறங்குது.

"அக்கா... இது சனி ஞாயிறு லீவு எடுக்குது."

"ம்."

"ஆபீஸ் வேலை பாக்குற கசிவு அக்கா! இதுக்கு மெக்கானிக் வேணாம், மேனேஜர்தான் வேணும்."

"நாம எந்தக் கிழமை வந்தோம்?"

ரேடியோ சிரிப்பு நின்னுச்சு. சனிக்கிழமை. ரெண்டு தடவையும் சனிக்கிழமை. திருடன் லீவு போட்ட நாளாப் பாத்து போலீஸ் வந்திருக்கு.

"சரி, வார நாள்ல இங்க இருக்கிறது என்ன, லீவு நாள்ல இல்லாதது என்ன?" அக்கா தனக்குத் தானே கேட்டுக்கிட்டாங்க.

பதில் கண்ணு முன்னாடியே களிமண்ணைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு.

---

"எல்லாரும் குதிங்க!"

அக்கா யோசனை இதுதான். எட்டு புள்ளைங்க ஓடி ஆடுறப்போ தரை அதிரும், தரை அதிர்ந்தா செவுரு அதிரும், எங்கயோ ஒரு இணைப்பு லேசா வாய் தொறக்கும். அதனால புள்ளைங்க குதிக்கணும், ரேடியோவும் கூட சேந்து குதிக்கணும், அக்கா கருவியை வச்சுக்கிட்டு குழாய் ஓடுற வழியெல்லாம் நடப்பாங்க.

புள்ளைங்களுக்கு இதை விட நல்ல செய்தி கிடைச்சிருக்காது. அலமாரில கிண்ணமெல்லாம் ஆடுற அளவுக்குக் குதிச்சாங்க. ரேடியோ வாத்து அட்டையோட நடுவுல நின்னு குதிச்சான். நாட்டை விட்டு நாடு வந்து, ராத்திரி பகலா படிச்சு, சர்டிபிகேட் வாங்கி, இப்போ சம்பளத்துக்குக் குதிக்கிறேன்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே குதிச்சான். பத்து நிமிஷம். கருவி கப்சிப்.

கதவைப் பத்து தடவை அடிச்சு சாத்தினாங்க. ஒண்ணும் இல்ல. புள்ளைங்க கை கழுவுற குழாய் எல்லாத்தையும் ஒண்ணாத் தொறந்து விட்டாங்க. ஒண்ணும் இல்ல. மணி பதினொண்ணே முக்கால்.

அக்கா தரையில உக்காந்துட்டாங்க. இருபது வருஷத்துல அவங்க அப்படி உக்காந்து ரேடியோ கேள்விப்பட்டதே இல்ல.

"புள்ளைங்க இருக்கு. கிழமையும் வார நாள்தான். எல்லாமே இருக்கு, கசிவு மட்டும் இல்ல. என்னைப் பாத்து சிரிக்குதுடா அது."

ரேடியோ வேர்வையைத் துடைச்சுக்கிட்டுத் திரும்பினான். பக்கத்துல ஒரு குட்டிப் பொண்ணு நின்னுச்சு. நாலு வயசு, ரெட்டைச் சடை, கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சிவப்புக் கோட்டு. குதிச்சதுல வேர்த்து முகமெல்லாம் தக்காளி.

"கோட்டைக் கழட்டும்மா, வேர்க்குது பாரு," ரேடியோ சொன்னான்.

"மாட்டேன்."

"ஏன்?"

"மாட்டினா பாம்பு சீறும்."

ரேடியோ சிரிச்சுட்டான். "பாம்புக்கு இந்தக் குளிர்ல என்ன வேலை? அதுக்கும் கோட்டு வேணும்ல?"

"வாத்தங்கிள், சிரிக்காதீங்க." பொண்ணு முறைச்சுது. "என் கொக்கிக்குப் பின்னாடி செவுத்துக்குள்ள இருக்கு. ஸ்ஸ்ஸ்னு சொல்லும். எல்லாரும் கோட்டு மாட்டினாதான் சொல்லும்."

அக்கா எந்திரிச்ச வேகத்துல கருவி கீழ விழுந்துச்சு.

"எந்தக் கொக்கி கண்ணு?"

"நாலாவது."

---

அது பசைக்காரரோட பலகை. யானை தொங்குற பலகை. அதுல நாலு பெரிய கொக்கி, ஒரு கொக்கிக்கு ரெண்டு புள்ளைங்க. இன்னிக்கு காலியாத் தொங்குது. குளிருதுன்னு யாரும் கோட்டைக் கழட்டலயே!

"டீச்சர், பேரண்ட்ஸ் எழுதுற புகார் நோட்டு ஏதாவது இருக்கா?"

இருந்துச்சு. அக்கா பக்கத்தைப் புரட்டினாங்க. பாப்பா சாப்பிடல, செருப்பு மாறிப் போச்சு, இந்த மாதிரி. நடுவுல ஒண்ணு. 'என் பொண்ணு சிவப்புக் கோட்டு முதுகுல எண்ணெய்க் கறை. என்ன சாப்பாடு குடுக்குறீங்க?' ஒரு வாரம் கழிச்சு அதே அம்மா. 'மறுபடி அதே இடத்துல எண்ணெய். துவைச்சாலும் போகல.'

"முதுகுல யாரு சாப்பாட்டை சிந்துவா?" அக்கா கேட்டாங்க. "கேஸோட கூடவே மெஷின் எண்ணெயும் கொஞ்சம் ஓடும். கேஸ் கசியுற இடத்துல எண்ணெய் பிசுக்கு இருக்கும். நான் குழாய்ல தேடிக்கிட்டு இருந்தேன், அது நாலு வயசுப் பொண்ணு முதுகுல ஏறி வீட்டுக்கு நடந்து போயிருக்கு."

சுடச்சுட பால் குடுத்து, போர்வை சுத்தி, புள்ளைங்ககிட்ட இருந்து எட்டு கோட்டையும் எட்டு பையையும் வாங்கினாங்க. ரேடியோ ஒவ்வொண்ணா மாட்டினான். ஒண்ணு. ரெண்டு. அஞ்சு. ஏழாவது மாட்டுறப்போ பலகை ஒரு முடி அளவு முன்னாடி சாஞ்சுது. எட்டாவது, சிவப்புக் கோட்டு.

ஸ்ஸ்ஸ்ஸ்.

கருவி வீலுன்னு கத்துச்சு. அக்கா சோப்புத் தண்ணியை அடிச்சாங்க. நாலாவது கொக்கிக்குப் பக்கத்துல, பலகை மேல பட்டாணி அளவுல ஒரு வெள்ளைப் பெயிண்ட் பொட்டு. அதைச் சுத்தி குமிழி குமிழியா நுரை பொங்குச்சு. கோட்டை எடுத்தா நுரை நிக்குது. மாட்டினா பொங்குது.

"பாம்பு!" ரெட்டைச் சடை கை தட்டுச்சு.

"மன்னிச்சிடும்மா," ரேடியோ சொன்னான். "நீ பெரிய ஆளு."

அக்கா பொட்டைச் சுரண்டினாங்க. உள்ள ஒரு ஸ்க்ரூ தலை. அப்புறம் பலகை முழுக்க விரலால தடவினாங்க. மத்த மூணு கொக்கிக்குப் பக்கத்துலயும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, ஒரு பூனை, ஒரு கரடி, ஒரு நட்சத்திரம். உரிச்சா ஒவ்வொண்ணுக்கு அடியிலயும் ஒரு ஸ்க்ரூ.

பசை மட்டுமே போட்ட பலகைல, நாலு ஸ்க்ரூ.

"செவுத்துல யாராவது ஏதாவது அடிச்சீங்களான்னு முதல் நாளே கேட்டேன் டீச்சர்," அக்கா குரல் தாழ்ந்துச்சு. குரல் தாழ்ந்தா ஆபத்துன்னு ரேடியோவுக்குத் தெரியும். "ரெண்டாவது தடவையும் கேட்டேன். இல்லவே இல்லன்னு சொன்னீங்க."

டீச்சர் வாசப் பக்கம் எட்டிப் பாத்தாங்க. புருஷன் இல்ல. அக்கா கையைப் புடிச்சு நடைக்குள்ள இழுத்துட்டுப் போனாங்க. ரேடியோவும் பின்னாடியே போனான்.

"நான்தான். பசை மூணாம் நாளே விட்டுப் போச்சு. பலகை கழண்டு தொங்குது. அவரு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ போட்டு, ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். அவரு வேலை போன வருஷம் போனதுல இருந்து எதுலயுமே மனசு ஒட்டாம இருந்தாருங்க. இந்தப் பலகை ஒண்ணைத்தான் வரவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டுறாரு. அதைப் போய் எப்படிச் சொல்றது? ஸ்க்ரூவுக்கும் கேஸுக்கும் சம்பந்தம் இருக்கும்னு சத்தியமா எனக்குத் தோணல."

"செவுத்துக்குள்ள குழாய் போகுதுன்னு..."

"தெரியாதுங்க. அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அக்கா பலகைப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "எத்தனை ஸ்க்ரூ போட்டீங்க?"

"கைல மூணுதான் இருந்துச்சு."

அக்கா ரேடியோவைப் பாத்தாங்க. ரேடியோ வாயைத் தொறந்தான். அக்கா விரலைத் தூக்கினாங்க. அவனும் மூடிட்டான், அதுவே ஒரு அதிசயம்.

---

அதுக்கப்புறம் மூணு மணி நேரம் ஓடினது தெரியல. புள்ளைங்களைப் பின் ரூமுக்கு மாத்தி, ஜன்னலைத் தொறந்து விட்டாங்க. மிச்ச கேஸை வெளிய விடாம சிலிண்டர்ல புடிச்சு, செவுத்தை அறுத்து, ஓட்டை விழுந்த குழாயை வெட்டி, புதுத் துண்டு வச்சு நெருப்பால உருக்கி ஒட்டி, மறுபடி கேஸ் நிரப்பினாங்க. பசைக்காரர் பின்னாடியே நின்னு, செவுத்தைப் பாழாக்கிட்டாங்களே, பலகையைக் கழட்டிட்டாங்களேன்னு புலம்பிக்கிட்டே இருந்தார். ஏன்னு கேட்டப்ப, குழாய் பின்னாடிதான் ஓடுது சார்னு மட்டும் அக்கா சொன்னாங்க. கடுப்புல அக்கா கழுத்து நரம்பு புடைச்சுக்கிட்டு நின்னுச்சு.

மூணரைக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சுது, புள்ளைங்களும் திரும்பி வந்துச்சுங்க. ரூம்ல பதினாறு.

மூணு அம்பதுக்கு ஆபீசர் மேடம் வந்துட்டாங்க. சாம்பல் கோட்டு, கையில குச்சி நுனில தெர்மாமீட்டர். புள்ளைங்க உக்கார்ற உசரத்துல புடிச்சாங்க.

"பதினேழு. இருபது இருக்கணும்."

"ஏறிக்கிட்டு இருக்கு மேடம்," ரேடியோ அவசரமாச் சொன்னான்.

"நானும்தான் தினமும் மாடிப்படி ஏறுறேன். எங்க போய் நிக்குதுங்கிறதுதான் எனக்கு வேணும்." ஒரு ஃபாரத்தை எடுத்தாங்க. "ரெண்டு தடவை வந்தப்பவும் காரணம் தெரியலன்னு எழுதியிருக்கு. இன்னிக்கு?"

"தெரியும்," அக்கா சொன்னாங்க. "கேஸ் கசிவு. செவுத்துல போட்ட ஸ்க்ரூ குழாய்ல குத்தியிருக்கு. கோட்டு கனத்துல ஸ்க்ரூ அசையுறப்போ மட்டும் கசிஞ்சிருக்கு. சரி பண்ணியாச்சு, அழுத்தம் வச்சு சோதிச்சும் பாத்தாச்சு."

"ஸ்க்ரூவா? நான் பசைதான போட்டேன்!" பசைக்காரர் சத்தம் போட்டார். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி.

"போட்டது யாரு?" மேடம் கேட்டாங்க.

டீச்சர் மேசைல இருந்த களிமண்ணை எடுத்து உருட்டினாங்க.

"பாருங்க, சின்னப் புள்ளைங்க இருக்கிற வீட்டுச் செவுத்துல, யாரு போட்டதுன்னே தெரியாம ஒரு ஸ்க்ரூ குழாய் வரைக்கும் போயிருக்குன்னா, நாளைக்கு இன்னொண்ணு கரண்ட் வயர் வரைக்கும் போகும். யாருன்னு தெரியலன்னா நான் மூடித்தான் ஆகணும். எழுதிடவா?"

டீச்சர் களிமண்ணைக் கீழ வச்சாங்க. புருஷனைப் பாத்தாங்க, அப்புறம் தரையைப் பாத்தாங்க.

"நான்தான் மேடம். பசை மூணாம் நாளே விட்டுப் போச்சு. அவருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாருன்னு நானே ஸ்க்ரூ போட்டு மறைச்சுட்டேன். எல்லாம் என் தப்பு. புள்ளைங்களுக்குக் குளிர்ந்ததும் என்னாலதான்."

பசைக்காரர் மூஞ்சில ரத்தமே இல்ல. மேடம் பேனாவை எடுத்தாங்க.

"ஒரு நிமிஷம்," அக்கா சொன்னாங்க.

பாக்கெட்ல இருந்து நாலு ஸ்க்ரூவை எடுத்து, புள்ளைங்க மேசைல களிமண்ணு பக்கத்துல வரிசையா வச்சாங்க.

"டீச்சர் போட்டது மூணு. கையால திருப்பியிருக்காங்க, தலை பாருங்க, தேய்ஞ்சு போய் இருக்கு. மூணுமே குட்டை. பலகையைத் தாண்டி செவுத்துல பாதி விரல் கூடப் போகல. அதையெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருந்தாங்க. இந்த நாலாவது, மூணு மடங்கு நீளம். தலைல ஒரு கீறல் இல்ல, டிரில் மெஷின் வச்சு ஒரே அழுத்துல இறக்கினது. இதுல ஸ்டிக்கர் இல்ல, வெள்ளைப் பெயிண்ட் பொட்டு. மறைச்ச விதமே வேற, அப்ப கையும் வேறதான். குழாயைக் குத்தினது இது ஒண்ணுதான்."

"இந்த வீட்ல டிரில் மெஷின் யாருகிட்ட இருக்கு?" ரேடியோ கேட்டான்.

எட்டு புள்ளைங்களும் ஒரே நேரத்துல பசைக்காரரைக் கை காட்டுச்சுங்க.

அவரு ரொம்ப நேரம் தொண்டையைக் கனைச்சார்.

"பலகை... ஒரு பக்கம் லேசா தொங்குச்சு. இவ கடைக்குப் போயிருந்தா. பசையைப் பத்தி நான் அவ்வளவு பேசியிருக்கேன்ல? இவளுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பா? அதான் பெருசா ஒண்ணு இறக்கிட்டேன்."

"ஏங்க!" டீச்சர் நிமிந்தாங்க. "நான் உங்க மானம் போகக் கூடாதுன்னு ஒரு மாசமா வாயை மூடிக்கிட்டு இருக்கேன்!"

"நானும் அதே மானத்துக்குத்தான் மூடிக்கிட்டு இருந்தேன்!"

"ஸ்டிக்கரைக் கூடவா பாக்கல?"

"புள்ளைங்க ஒட்டினதுன்னு நெனைச்சேன். நீ பெயிண்ட்டைப் பாக்கலயா?"

"நானும் புள்ளைங்க சிந்தினதுன்னுதான் நெனைச்சேன்!"

"எழுதுங்க மேடம், என் பேரை எழுதுங்க," அவரு சொன்னார்.

"ஏன், ஆரம்பிச்சது நான்தான? என் பேரை எழுதுங்க."

"குழாயைக் குத்தினது என் ஸ்க்ரூடி!"

"முதல்ல போட்டது என்னோடதுங்க!"

மேடம் பேனாவைக் கீழ வச்சாங்க. "பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன். தப்பு என்னோடதுன்னு சண்டை போட்டு இன்னிக்குத்தான் பாக்குறேன்." ரெண்டு பேரையும் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டி தாடையில இடிக்க உக்காந்துட்டாங்க. "இன்னும் இருபது ஆகல. ஆகுற வரைக்கும் இங்கதான் இருப்பேன். அஞ்சு மணிக்கு மேல ஆனா என் கையில இல்ல."

நாலே காலுக்கு பதினேழரை. நாலரைக்கு பதினெட்டரை. பேரண்ட்ஸ் ஒவ்வொருத்தரா வந்து புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. ஒவ்வொரு தடவை கதவு தொறக்குறப்பவும் குளிர் உள்ள வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் ரேடியோ ஓடிப் போய் சாத்தினான். நாலு அம்பதுக்கு பத்தொம்பதரை. டீச்சர் தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கல. அடுப்புல பால் பொங்குறப்போ கூட யாரும் அப்படிப் பாத்திருக்க மாட்டாங்க.

அஞ்சு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு.

"இருபது," மேடம் சொன்னாங்க. கையெழுத்துப் போட்டாங்க. "தொறந்தே இருக்கட்டும். அடுத்த வாரம் சொல்லாம வருவேன். ஏதாவது விழுந்தா, அது தரையிலயே கிடக்கட்டும். ரெண்டு பேரும் தொடாதீங்க."

டீச்சர் அப்படியே குட்டி மேசை ஓரத்துல உக்காந்தாங்க. புருஷன் பக்கத்துல வந்து நின்னார்.

அக்கா வேனை எடுத்து ரெண்டு தெரு தாண்டினாங்க. அப்புறம் ஸ்டீரிங்கை ஓங்கி ஒரு அடி அடிச்சாங்க.

"மூணு தடவைடா! ரெண்டு வால்வு! ஒரு மாசமா நான் தூங்கல. செவுத்துல ஒண்ணு போட்டோம்னு அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயைத் தொறந்திருந்தா, முதல் சனிக்கிழமையே முடிஞ்சிருக்கும். புள்ளைங்க ஒரு மாசமா குளிர்ல உக்காந்திருக்காது."

ரேடியோ ஏதாவது சொல்லி சிரிக்க வைக்கலாம்னு பாத்தான். ஆனா அவனுக்கும் அதே எரிச்சல்தான்.

இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும் ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வீட்டு ஹீட் பம்ப்ல காத்து வெதுவெதுன்னு மட்டும் வந்தா, வெளிய இருக்கிற மெஷின்ல ஐஸ் புடிச்சு உருகாம நின்னா, மெஷின் நிக்காம ஓடினா, எங்கயாவது சீறுற சத்தம் கேட்டா, எண்ணெய்ப் பிசுக்கு தெரிஞ்சா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. வந்தவங்க செவுத்துல என்ன போட்டீங்கன்னு கேட்டா, யாரு பக்கத்துல நின்னாலும் சரி, தயவு செஞ்சு உண்மையைச் சொல்லுங்க.